பதின்மூன்று வயதில் முதலிடம், இருபத்தைந்து வயதில் எங்கே?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. 12, 13 வயதில் 1,500 மீட்டர், 3,000 மீட்டர் இரண்டிலும் அவள் வயதுப் பிரிவில் யாராலும் அவளை நெருங்க முடியவில்லை. போன ஆண்டு 3,000 மீட்டரை 10 நிமிடம் 20 விநாடியில் ஓடினாள். நாளைய ஒலிம்பிக் வீராங்கனை என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த ஆண்டு அதே தூரத்துக்கு 10 நிமிடம் 31 விநாடி ஆகிறது. போன ஆண்டு பத்தாவதாக வந்த பெண் இவளை முந்திவிட்டாள். வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறாள். அதில் மூன்று நாள் 400 மீட்டரைப் பத்து முறை வேகமாக ஓடும் பயிற்சி. கூடைப்பந்தையும் நீச்சலையும் விட்டுவிட்டுக் காலையும் மாலையும் ஓட வேண்டும், மூன்று கிலோ எடை குறைய வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. ஓடுகிறவர்களுக்கு அது சகஜம் என்றும் சொன்னார். போட்டிக்கு முந்தின இரவு வயிறு வலிக்கிறது என்கிறாள். இவ்வளவு சின்ன வயதில் ஜெயித்த பிள்ளை பெரிய வீராங்கனையாக வருவாளா? இல்லை, அவ்வளவுதானா? கடைசிப் போட்டியின் சுற்று நேரங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். இந்த வாரமே மகளை ஒரு மகளிர் மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் அதற்கு என்ன காரணம் என்று பார்த்தே ஆக வேண்டும். ஓடுகிற பெண் என்பதால் அதற்கு விலக்குக் கிடையாது.

ஓடும் பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுவது உண்மைதான். அடிக்கடி காணப்படுவதால் அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது. உடல் செலவழிக்கும் சக்திக்கு ஈடான உணவு உள்ளே போகாதபோது, உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடல் ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கிறது. மாதவிடாய் அப்படி நின்றுபோகும் வேலைகளில் ஒன்று. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுப்பெறுவதும் தடைபடுகிறது. ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளப்போகும் எலும்பு வலுவின் பெரும்பகுதி பதின்ம வயதுகளில்தான் சேர்கிறது. அப்போது சேராமல் போனதைப் பிறகு முழுமையாக ஈடுசெய்ய முடிவதில்லை. காலில் மயிரிழை எலும்பு முறிவு வந்து ஓட்டத்தையே விட்ட பெண்கள் பலரின் கதையில், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ஆம் ஆண்டு இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப்பெயர் சூட்டி, பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்று அறிவித்தது. மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். உடலில் இரும்புச்சத்து எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதை அது காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இந்தக் கையிருப்பு வற்றியிருக்கலாம். காரணம் தெரியாமல் நேரம் பின்வாங்கும் பதின்ம வயதுப் பெண்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சிறு வயதில் ஜெயித்தவர்கள்தான் பெரியவர்களாகி ஜெயிக்கிறார்களா?

இந்தக் கேள்வியை இரண்டு திசைகளிலிருந்து பார்க்கலாம், இரண்டு பக்கமும் இரண்டு விதமான பதில் வரும். உலக சாம்பியன்களின் பழைய கதைகளைப் புரட்டினால் ஜூனியர் பதக்கங்கள் நிறையத் தென்படும். ஹைலே கெப்ரெசெலாசி 1992-இல் சியோலில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டையும் வென்றவர். கெனெனிசா பெக்கெலே 2001-லும் எலியுட் கிப்சோகே 2003-லும் உலக கிராஸ் கன்ட்ரி போட்டியின் (தடகளப் பாதையை விட்டுப் புல்வெளி, மேடுபள்ளங்களில் ஓடும் போட்டி) ஜூனியர் ஓட்டத்தில் முதலிடம் பிடித்தவர்கள். ஃபெய்த் கிப்யெகோன் அதே ஜூனியர் பட்டத்தை 2011, 2013 இரண்டு முறையும் வென்று, பிறகு ஒலிம்பிக் 1,500 மீட்டரில் மூன்று தங்கம் வாங்கினார். இந்தப் பட்டியலைப் படிக்கிற எந்தத் தாய்க்கும், என் பிள்ளையும் இந்தப் பாதையில்தான் போகிறாள் என்று தோன்றும்.

இதே கணக்கை மறுமுனையிலிருந்து போட்டுப் பாருங்கள். அந்த ஜூனியர் போட்டிகளில் இவர்களோடு ஓடி, இவர்களுக்கு முன்னும் பின்னும் பதக்கம் வாங்கிய நூற்றுக்கணக்கானவர்கள் எங்கே போனார்கள்? ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்னே குல்லிச்சின் குழு பல விளையாட்டுகளிலிருந்து திரட்டிய தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. 17, 18 வயதில் சர்வதேசத் தரத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழ 89 சதவீதம் பேர் சீனியர் வயதில் அந்தத் தரத்தை எட்டவில்லை. சீனியராகச் சர்வதேசத் தரத்தில் இருப்பவர்களில் 82 சதவீதம் பேர் 17, 18 வயதில் அந்தத் தரத்தில் இருந்ததில்லை. அதாவது ஜூனியர் நட்சத்திரங்களும் சீனியர் நட்சத்திரங்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். இது 17, 18 வயதுக்கான கணக்கு என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகள் ஜெயித்தது 12, 13 வயதில். வயது கீழே போகப் போகக் கணிப்பு இன்னும் வலுவிழக்கும்.

இதைப் படித்துவிட்டுச் சிறு வயது வெற்றிக்கு அர்த்தமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேகமாக ஓடும் குழந்தைக்கு நல்ல இதயம், நல்ல நுரையீரல், ஓட்டத்தில் ஓர் ஒழுங்கு எல்லாம் ஏதோ ஓர் அளவில் இருக்கத்தான் செய்யும். பத்துப் பேரில் ஒருவர் பெயரைச் சொல் என்றால் நானும் முதலில் வந்த பிள்ளையின் பெயரைத்தான் சொல்வேன். மற்ற ஒவ்வொருவரையும்விட அவளுக்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் அவள் வருவாள் என்பதைவிட அவள் வரமாட்டாள் என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

ஏன் இப்படி ஆகிறது? உங்கள் மகளின் வயதில் இதற்கான பெரும் பங்கு உடல் வளர்ச்சியுடையது. 13 வயதுப் பிரிவின் தொடக்கக் கோட்டில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பிறந்த ஆண்டு ஒன்றாக இருக்கும். உடலின் வயது ஆளுக்கு ஆள் மூன்று, நான்கு ஆண்டுகள்கூட வேறுபடும். பெண்களுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வருகிறது, ஆண்களுக்கு 14 வயதை ஒட்டி. சராசரிக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் விலகியிருக்கும் பிள்ளைகள் ஏராளம். ஆண் பிள்ளைகளில் முந்தி வளர்ந்தவனுக்குத் தசையும் ஹீமோகுளோபினும் கூடிவிடுவதால் அவன் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பான். மூன்று ஆண்டுகள் கழித்து மற்றவர்களும் வளர்ந்த பிறகு அந்த வித்தியாசம் தானாகக் கரைந்துவிடும். அவன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று அப்போது வீட்டில் சொல்வார்கள். அவன் உழைப்பில் எந்தக் குறையும் இருந்திருக்காது.

பெண் பிள்ளைகளின் கதை வேறு, அது பெரும்பாலும் யாரும் சொல்லித்தராத கதை. பூப்படைவதற்கு முன் உடல் மெலிந்து, இடுப்பு குறுகலாக, எடை குறைவாக இருக்கும். ஒவ்வொரு கிலோ எடைக்கும் எவ்வளவு ஆக்ஸிஜன் பயன்படுகிறது என்பதுதான் நீண்டதூர ஓட்டத்தில் முக்கியமான அளவு என்பதால், அந்த உடலுக்கு அது சாதகம். பூப்படைந்த பின் உயரம், எடை, உடற்கொழுப்பு எல்லாம் கூடுகின்றன, இடுப்பு அகல்கிறது, கால் விழும் கோணமும் உடலின் சமநிலையும் மாறுகின்றன. புதிய உடலுக்கு ஏற்றபடி தசை வலுப்பெறக் காலம் பிடிக்கும். இடைப்பட்ட ஓரிரண்டு ஆண்டுகளில், சிலருக்கு மூன்று ஆண்டுகள்கூட, நேரம் அப்படியே நிற்கும் அல்லது சற்றுப் பின்வாங்கும். இது பழுது இல்லை, வளர்ச்சி. பொறுமையோடு கடந்தவர்கள் 18, 19 வயதில் மறுபடியும் முன்னேறத் தொடங்குகிறார்கள். எடையைக் குறைத்து பழைய உடலைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்கள்தான் மருத்துவமனைப் படியேறுகிறார்கள்.

இந்த ஆண்டு உங்கள் மகளை முந்திய பெண் வேறொரு வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கலாம். இன்னும் இரண்டு ஆண்டுகளில் அவளுக்கும் இதே தேக்கம் வரலாம். அந்தப் பெண்ணின் அம்மாவும் அன்று இப்படி ஒரு கடிதம் எழுதுவார்.

இப்போது நீங்கள் அனுப்பிய சுற்று நேரங்களைப் பார்ப்போம். 3,000 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. முதல் அரைச் சுற்று 38 விநாடி. அடுத்த ஏழு சுற்றுகள் 79, 83, 86, 87, 88, 87, 83. மொத்தம் 631 விநாடி, அதாவது 10 நிமிடம் 31. போன ஆண்டைவிட 11 விநாடி அதிகம். சுற்றுக்குச் சுற்று பிரித்தால் ஒன்றரை விநாடி. நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. வளரும் ஆண்டில் இது ஒன்றுமே இல்லை என்பேன்.

அந்த எண்களுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முதல் 200 மீட்டரை அவள் ஒரு சுற்றுக்கு 76 விநாடி என்ற வேகத்தில் ஓடியிருக்கிறாள். அவளுடைய சிறந்த நேரத்துக்கே சுற்றுக்கு 82, 83 விநாடி போதும். இப்படி எகிறிப் புறப்பட்டதால் மூன்றாவது முழுச் சுற்றிலிருந்து விலை கொடுத்திருக்கிறாள். ஆனால் கடைசிச் சுற்றில் மீண்டும் 83! உடம்பில் தெம்பு தீர்ந்துபோன பிள்ளையால் அது முடியாது. நடுவில் அந்தப் பெண் முந்திப் போனபோது இவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுகளாக முதல் சுற்றிலேயே எல்லோரையும் விட்டுப் பிரிந்து தனியாக ஓடியவள் அவள். ஒருவர் பின்னால் ஒட்டி ஓடுவது, வேகத்தைப் பிடித்து வைப்பது, முந்தப்பட்ட பின்னும் நிதானம் இழக்காமல் இருப்பது, கடைசி 300 மீட்டரில் எப்போது எழுவது, இதெல்லாம் கற்றுக்கொள்ளும் அவசியமே அவளுக்கு வரவில்லை. பத்தாவதாக வந்த பெண்ணோ இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு போட்டியிலும் இதை மட்டுமே கற்றுக்கொண்டிருந்தாள்.

சிறு வயது வெற்றி பிற்காலத்தைக் காட்டத் தவறுவதற்கு இது மிகவும் குறைவாகப் பேசப்படும் காரணம். மிக எளிதாக ஜெயிக்கும் பிள்ளைக்குப் போட்டி போடத் தெரியாது. 16, 17 வயதில் மற்றவர்கள் உடலால் சமமாகிவிட்ட பிறகு முதன்முறையாகப் போட்டி என்றால் என்ன என்று அவள் கற்க வேண்டியிருக்கிறது, அதுவும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பல பிள்ளைகள் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அது 14 வயதிலேயே வந்துவிட்டது. முந்திக்கொண்டு வந்ததில் நன்மையே அதிகம். பவுலா ராட்கிளிஃப் 12 வயதில் இங்கிலாந்தின் தேசிய அளவிலான சிறுமியர் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் 299-ஆவதாக வந்தார். 1992-இல் உலக ஜூனியர் கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்றார். 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். 298 பேர் முன்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஓடிய பாடம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்.

இனி பயிற்சி. ஒரு 13 வயதுப் பிள்ளை 10 நிமிடம் 20 விநாடியில் ஓடினாள் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு பயிற்சியில் என்பது. வாரத்தில் மூன்று நாள் சும்மா ஓடி, மற்ற நாட்களில் பந்து விளையாடி அந்த நேரத்தை எடுத்தவளும், வாரத்தில் ஆறு நாள் ஓடி, மூன்று நாள் மூச்சிரைக்க 400 மீட்டர்களை ஓடி அதே நேரத்தை எடுத்தவளும் ஒன்றல்ல. முதலாமவளிடம் இன்னும் தொடாத இருப்பு நிறைய இருக்கிறது. இரண்டாமவள் தன் கையில் இருந்ததில் பெரும்பகுதியைச் செலவழித்துத்தான் அந்த வெற்றியை வாங்கியிருக்கிறாள். கடுமையான இன்டர்வெல் பயிற்சி, அதாவது வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடியும் வேகமாக ஓடுவது, ஒரு பிள்ளையின் நேரத்தைச் சில மாதங்களிலேயே சட்டென்று இறக்கும். அதனால்தான் அது பயிற்சியாளர்களைக் கவர்கிறது. ஆனால் நீண்டதூர ஓட்டத்தின் அடித்தளம் மெதுவான ஓட்டத்தில், ஆண்டுக்கணக்கில் கட்டப்படுவது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு, தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுவது, தசைநாண்கள் தாங்கும் வலு இவை எல்லாமே அவசரப்படுத்த முடியாதவை. மாரத்தானில் உச்சம் பெரும்பாலோருக்கு 20-களின் பிற்பகுதியிலும் 30-களின் தொடக்கத்திலும் வருவது அதனால்தான். 1984 ஒலிம்பிக் மாரத்தானை வென்றபோது கார்லோஸ் லோப்பஸுக்கு 37 வயது. 2008-இல் வென்ற கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு 38 வயது. சிஃபான் ஹசன் 15 வயதில் அகதியாக நெதர்லாந்து வந்த பிறகுதான் ஓடத் தொடங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 இரண்டிலும் வெண்கலம் வாங்கிவிட்டு மாரத்தானில் தங்கமும் வென்றார்.

ஜேகப் இங்கெபிரிட்சென் என்று ஒருவர் இருக்கிறாரே என்று உங்கள் பயிற்சியாளர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சிறு வயதிலிருந்தே திட்டமிட்ட பயிற்சியில் வளர்ந்தவர், 17 வயதில் ஐரோப்பிய சாம்பியன் பட்டங்கள் இரண்டு, 2021-இல் டோக்கியோவில் 1,500 மீட்டர் தங்கம், 2024-இல் பாரிஸில் 5,000 மீட்டர் தங்கம். சிறு வயது வெற்றி அப்படியே பெரிய வெற்றியாக வளர்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் அவருடைய பயிற்சி முறையைப் பாருங்கள். கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவை விரலில் குத்திப் பார்த்து, அது குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாதபடி வேகத்தைப் பிடித்து வைக்கும் முறை அது. பயிற்சியில் உயிரைக் கொடுத்து ஓடுவதற்கு நேர் எதிரானது. அவரைக் காட்டிப் பத்து 400 மீட்டர்களை நியாயப்படுத்த முடியாது. அதோடு, அவரைப் போலவே வளர்க்கப்பட்டு எங்கும் வராமல் போன பிள்ளைகளின் பெயர் நம் காதுக்கு வருவதே இல்லை.

சிறு வயதில் வென்று பெரியவர்களாகியும் வென்றவர்களுக்குக்கூடப் பாதை நேர்க்கோடாக இருந்ததில்லை. கிப்சோகே 18 வயதில், 2003-இல் பாரிஸ் உலகப் போட்டியில் 1,500 மீட்டர் உலக சாதனையாளரான எல் கெரூஜையும் பெக்கெலேயையும் தோற்கடித்து 5,000 மீட்டர் தங்கம் வென்றார். 2012 ஒலிம்பிக்குக்கு அவருக்குக் கென்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மாரத்தானுக்கு மாறினார். 2016, 2021 இரண்டு ஒலிம்பிக் மாரத்தான்களையும் வென்றார். பிரிட்டனின் மோ ஃபரா 2001-இல் ஐரோப்பிய ஜூனியர் 5,000 மீட்டர் சாம்பியன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் இரண்டு தங்கம். இடையில் வந்த அந்த வெற்று ஆண்டுகளில் இவர்களை யாராவது ‘அவ்வளவுதான்’ என்று எழுதி மூடியிருந்தால் எவ்வளவு பெரிய தவறு! நீங்கள் கேட்ட ‘அவ்வளவுதானா’ என்ற சொல்லைத் தயவுசெய்து மகள் காதில் விழவிடாதீர்கள்.

பயிற்சியாளர் சொன்ன மூன்று யோசனைகளுக்கு வருகிறேன்.

எடை குறைப்பு கூடவே கூடாது. வளரும் 14 வயதுப் பெண்ணுக்கு, அதுவும் மாதவிடாய் நின்றிருக்கும்போது, எடையைக் குறை என்று சொல்லும் உரிமை எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை. மருத்துவர் அவசியம் என்று சொன்னால் தவிர வீட்டில் எடை இயந்திரத்தையே வெளியில் வைக்க வேண்டாம். அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில் உலகப் போட்டியின் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். 2014-இல் உலக ஜூனியர் 3,000 மீட்டர் சாம்பியன். எடையைக் குறைக்கும்படி தன்னைத் தொடர்ந்து வற்புறுத்தியதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் அவர் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்படி ஒரு திறமைக்கே அது நேர்ந்தது. உங்கள் மகள் இப்போது சாப்பிடுவதைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டும், குறிப்பாகப் பயிற்சி முடிந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்.

கூடைப்பந்தை விடச் சொல்வதும் தவறு. இளம் வயதில் பந்து விளையாட்டுகள் ஆடிய ஓட்டக்காரர்களுக்குப் பிற்காலத்தில் மயிரிழை முறிவுகள் குறைவாக வருகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குதிப்பதும், திடீரென்று நிற்பதும், பக்கவாட்டில் பாய்வதும் எலும்பை எல்லாத் திசைகளிலிருந்தும் வலுப்படுத்துகின்றன. நேராக ஓடுவது மட்டும் அதைச் செய்வதில்லை. நீச்சல் எலும்புக்குப் பெரிதாக உதவாது. ஆனால் காலுக்கு அடி விழாமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும். நான் முன்னே குறிப்பிட்ட குல்லிச், வேறு இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து 6,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் தரவுகளை ஆராய்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வும் இதையே சொல்கிறது. உலகத் தரத்தை எட்டியவர்கள், தேசியத் தரத்தோடு நின்றவர்களைவிடச் சிறு வயதில் பல விளையாட்டுகளை ஆடியிருக்கிறார்கள். தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருக்கிறார்கள். ஜூனியர் வயதில் ஜெயித்தவர்களிடம் இது தலைகீழாக இருக்கிறது. ஜூனியர் பதக்கத்துக்கான வழியும் சீனியர் பதக்கத்துக்கான வழியும் இரண்டு வெவ்வேறு வழிகள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உங்கள் பயிற்சியாளர் மகளை முதல் வழியில் அவசரமாகக் கூட்டிப்போகிறார்.

காலை, மாலை இரண்டு வேளை ஓட்டம் இப்போதைக்குப் பேசவே வேண்டாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை வேகப் பயிற்சியை முழுமையாக நிறுத்துங்கள். பிறகு தொடங்கும்போது வாரத்தில் நான்கு நாள் ஓட்டம் போதும். அதில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வேகம். மற்ற நாட்களில் பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஓட்டம் முடியும்போது நூறு மீட்டரைச் சற்று விரைவாக, இலகுவாக நான்கைந்து முறை ஓடலாம். அது கால் அசைவைச் சீராக வைத்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. உடலின் சொந்த எடையைத் தூக்கும் எளிய வலுப்பயிற்சிகள் வாரம் இரண்டு முறை. புதிய உடலுக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அதுதான்.

வயிற்று வலியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். உடலில் காரணம் ஏதும் இல்லை என்று தெரிந்தால், அவள் பயப்படுவது ஓட்டத்துக்கா, முடிவைக் கேட்கக் காத்திருக்கும் நமக்கா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். போட்டி முடிந்து வரும் வழியில் நேரத்தைப் பற்றி நீங்கள் முதலில் பேச வேண்டாம். அவள் தொடங்கினால் பேசுங்கள். நாளைய ஒலிம்பிக் வீராங்கனை என்று யாராவது அவள் முன் சொன்னால், இப்போது அவள் பள்ளிக்குப் போகும் பெண் என்று அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். 13 வயதில் கிடைத்த அந்தப் பட்டம் அவள் தோளில் எவ்வளவு கனக்கிறது என்று அவளால் சொல்லத் தெரியாது.

எதை வைத்து நம்புவது என்று கேட்பீர்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் கடிகாரத்தைவிட வேறு சில விஷயங்களைக் கவனியுங்கள். காயமில்லாமல் தொடர்ந்து எத்தனை மாதம் ஓடுகிறாள்? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? யாரும் சொல்லாமலே காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறாளா? தோற்ற போட்டிக்குப் பிறகு அடுத்த பயிற்சிக்கு வருகிறாளா? 18, 19 வயதில் அவள் ஓடும் நேரம் ஓரளவுக்கு எதையாவது சொல்லும். அதுவும், குறைந்த பயிற்சியில் அங்கே வந்து சேர்ந்திருந்தால் நிறையவே சொல்லும். அதற்கு முன் வரும் எந்த எண்ணையும் வைத்து வீட்டின் பணத்தையோ அவள் படிப்பையோ பணயம் வைக்காதீர்கள்.

பயிற்சியாளரிடம் சண்டை போட வேண்டியதில்லை. மருத்துவ அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்; கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எடை பற்றி இனி மகளிடம் பேசக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவரிடம் 13, 14 வயதில் ஜெயித்த பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அவர் சொல்லும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். அவர் கேட்டுக்கொண்டு மாறினால் நல்லது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தால் அங்கேயே தொடரட்டும். மாறமாட்டேன் என்றால் வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள், அதற்குள் ஓட்டம் சில மாதம் நின்றாலும் பரவாயில்லை.

உடல் சரியான பிறகு முதல் போட்டியாக 3,000 மீட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு 1,500 மீட்டரில் இறக்குங்கள்; முதல் இரண்டு சுற்றுகளை யாராவது ஒருவருக்குப் பின்னால் ஓட வேண்டும் என்பது மட்டுமே அன்று அவளுக்கு வேலை. எத்தனையாவதாக வந்தாலும் சரி. மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் ஃபெரிட்டின் அளவையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு அடுத்த மூன்று மாதத்துக்கான அட்டவணையைப் பற்றிப் பேசலாம்.